பிக்அப்பின் உயரமும் ஷாக் தேர்வும்: சிங்கப்பூரில் வேலை வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பின்பக்கம் தொங்கிப்போன பிக்அப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய் "நாலு ஷாக்கையும் மாத்திடுங்க" என்று சொல்வது இங்கே வழக்கமாக நடக்கிறது. ஷாக் மாறுகிறது, காசு போகிறது, வண்டி அதே இடத்தில் தொங்கிக்கொண்டே நிற்கிறது. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அசையலாம் என்று பிடித்துவைப்பதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அழுத்தம் கூடிய கேஸ் ஷாக் போட்டால் சில மில்லிமீட்டர் தூக்கும், அவ்வளவுதான். ஆகவே உயரத்தில் குறை என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். துள்ளல், ஆட்டம், பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது, டயரில் மேடுபள்ளமாகத் தேய்மானம் என்றால் ஷாக்கைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால் முதலில் ஸ்பிரிங்கை முடிவு செய்து, அதற்கேற்ற ஷாக்கைப் பிறகு வாங்குங்கள்.

சட்டம் முதலில்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, அனுமதியே இல்லாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. பட்டியல் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையதளத்தில் இருக்கிறது. தொங்கிய வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த உயரத்துக்கே கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் தூக்குவது மாற்றம். இரண்டாவதைச் செய்ய நினைத்தால், பாகத்தை வாங்குவதற்கு முன்பே ஆணையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் போடுறாங்க" என்று கடைக்காரர் சொல்வது பரிசோதனை நிலையத்தில் எடுபடாது. சரக்கு வண்டி 10 ஆண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டு தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போகவேண்டும். அங்கே வண்டியின் அடிப்பகுதியும் முகப்பு விளக்கின் கோணமும் கண்ணில் படாமல் போகாது.

இன்னொன்று. கதவில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுமை எடை, கனமான ஸ்பிரிங் போட்டதால் ஒரு கிலோகூட ஏறாது. சட்டம் ஒருபுறம் இருக்க, அச்சு, பேரிங், பிரேக் எல்லாம் பழையவைதானே.

அளப்பது: எல்லாமே இதில்தான் நிற்கிறது

தரையிலிருந்து அளக்காதீர்கள். காற்று 5 பிஎஸ்ஐ குறைந்தாலும் டயர் தேய்ந்தாலும் அந்த எண் மாறிவிடும். சக்கர அச்சின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதுதான் முறை.

சமதளமான இடம் வேண்டும். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளம் பார்க்கச் சமமாகத் தெரியும், ஆனால் மழைநீர் வடியச் சரிவு வைத்திருப்பார்கள், உள்தளம் பரவாயில்லை. நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்துவிடுங்கள். நான்கு டயரிலும் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று, டாங்கில் பாதி எரிபொருள், தினமும் வண்டியிலேயே கிடக்கும் கருவிப்பெட்டி, ஏணிச்சட்டம், கூரை எல்லாம் அதனதன் இடத்தில். பிரேக் போட்டு நிறுத்தியவுடன் அளந்தால் ஸ்பிரிங் இறுகியிருக்கும். அதனால் வண்டியை 3 மீட்டர் முன்னும் பின்னும் தானாக உருளவிட்டு, நான்கு மூலையையும் இரண்டுமுறை அழுத்திவிட்டு அளக்கவேண்டும். இரண்டுமுறை அளந்து 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், மூன்றாவது முறையும் அளங்கள்.

இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் பல ஆண்டு ஓடிய வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். சுமையில்லாத பிக்அப்பில் பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தூக்கலாக நிற்பது குறையல்ல. சுமை ஏறும்போது சமமாக வரவேண்டும் என்றுதான் அப்படி வடிவமைக்கிறார்கள். அழகுக்காக முன்பக்கத்தைத் தூக்கிச் சமப்படுத்தினால், 600 கிலோ ஏற்றியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். இரவில் தீவு விரைவுச்சாலையில் எதிரே வருபவர் கண்ணில் உங்கள் விளக்கு பாயும்.

முன்பக்கம்: டார்ஷன் பார் வண்டிகள்

2012க்கு முந்தைய இசுசு டி-மேக்ஸ், 2011 வரையிலான ஃபோர்டு ரேஞ்சர், நிசான் நவாரா டி22, டொயோட்டா ஹையேஸ் வேன் (200 தலைமுறை) ஆகியவற்றின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் அடிச்சட்டத்துக்கு (சேஸிஸ்) இணையாக ஓடும் ஓர் எஃகுத் தண்டு, அதாவது டார்ஷன் பார், முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது. அதன் பின்முனையில் ஆங்கர் கை, அதைத் தள்ளிப்பிடிக்க ஒரு சரிசெய்யும் போல்ட். சி.ஓ.இ. (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் வண்டிகளில் இந்தப் போல்ட்டை யாரும் ஆண்டுக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள்.

1. முந்தின நாள் மாலையே போல்ட்டின் மரைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். மரையில் உப்பும் மண்ணும் இருக்கும்போது திருப்பினால் மரை உரிந்துபோகும்.

2. வெளியே தெரியும் மரையின் நீளத்தை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் திரும்பி வர இந்த எண்தான் வழி.

3. பின்சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, முன் குறுக்குச்சட்டத்தில் ஜாக்கி கொடுத்து இரு சக்கரமும் தொங்கும்வரை தூக்கி, சட்டத்துக்கடியில் ஸ்டாண்டு வையுங்கள். வண்டியின் பாரம் போல்ட்டில் இருக்கும்போது திருப்பவே கூடாது.

4. பூட்டு நட்டு இருந்தால் தளர்த்தி, இரு பக்கமும் சரியாக 2 சுற்று இறுக்குங்கள். இறக்கி, உருட்டி, அழுத்தி, மறுபடி அளங்கள். இப்போது உங்கள் வண்டியில் ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். அடுத்தவர் வண்டியின் கணக்கு இதற்குப் பொருந்தாது.

5. மீதியை அந்தக் கணக்குப்படி திருப்புங்கள். ஒரு பக்கத்தைத் தூக்கினால் ஆன்டி-ரோல் பார் (இரு சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுத்தடுப்புக் கம்பி) வழியாக மறுபக்கமும் கொஞ்சம் அசையும். அதனால் மாறிமாறி இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் இரு பக்கமும் சுற்று எண்ணிக்கை சமமாக இருக்கத் தேவையில்லை, உயரம் சமமாக இருந்தால் போதும்.

போல்ட்டை இறுக்கினால் தண்டு கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. தண்டின் விறைப்பை அதன் தடிமனும் நீளமும்தான் தீர்மானிக்கின்றன. தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்வதால் 24 மி.மீ. தண்டுக்குப் பதில் 26 மி.மீ. போட்டால் சுமார் 38 சதவிகிதம் விறைப்பு கூடும். போல்ட்டை இறுக்கியபின் ஓட்டம் கடினமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு: சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தைத் தின்றுவிட்டீர்கள். ஒவ்வொரு சிறு பள்ளத்திலும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை தன் தடுப்பு ரப்பரில் மோதுகிறது. மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்காவது கீழ்நோக்கி மிச்சமிருக்க வேண்டும். தயாரிப்பாளர் உயரத்துக்கு மேல் 25 மி.மீ.க்கும் கூடப் போனால், நான்கு சக்கர இழுவை வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழியும் வாய்ப்பு கூடும். அதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

மரை தீர்ந்தும் உயரம் வரவில்லையென்றால் தண்டு சோர்ந்துவிட்டது. ஆங்கர் கையை ஒரு பல் நகர்த்திப் போடுவது பட்டறை வேலை. தண்டுகள் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி, மாற்றிப் போட்டால் உடையும். தண்டின் மேல் கிரிப் பிளையர் வைத்துக் கீறாதீர்கள். அந்தக் கீறலில்தான் விரிசல் தொடங்கும்.

முன்பக்கம்: சுருள் ஸ்பிரிங் வண்டிகள்

இப்போதைய ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாம் இந்த வகை. இங்கே திருப்பப் போல்ட் இல்லை, ஸ்பிரிங்கையே மாற்றவேண்டும். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கூட்டுப்பாகம்) தலையில் வட்டத்தகடு வைத்துத் தூக்குவது மலிவான வழி, சிக்கலும் அதில்தான். ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால் தலையில் வைக்கும் 25 மி.மீ. தகடு சக்கரத்தில் ஏறத்தாழ 45 முதல் 50 மி.மீ. ஆகிறது. 25 தானே என்று நினைத்து வைப்பவர்கள் பால் ஜாயின்ட்டை (கையையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) அதன் எல்லைக்கே தள்ளிவிடுகிறார்கள். மேலே ஏறும்போதோ, பம்ப் ரப்பர் (சக்கரம் மேலேறும் எல்லையில் தடுக்கும் ரப்பர்) தொடும் முன்பே ஷாக் உள்ளே முட்டிவிடும்.

சோர்ந்த ஸ்பிரிங்குக்குத் தயாரிப்பாளர் அளவிலேயே புது ஸ்பிரிங் போடுவதுதான் இந்த ஊர் வேலை வண்டிக்குப் போதுமானது. வாங்கும்போது ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் இடது, வலது குறியைக் கவனியுங்கள். டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் ஸ்பிரிங் வேறு. ஸ்பிரிங்கை இறுக்கும் கருவி மாட்டாமல் ஸ்ட்ரட்டின் தலை நட்டைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ சுவரில் பொருத்திய அழுத்தக் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பின்பக்கம்: பட்டை ஸ்பிரிங்

எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய கட்டுதான் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்). வேலை வண்டி தொங்குவது பெரும்பாலும் இங்கேதான். தொழிலாளர்களை ஏற்றும் வண்டிக்குக் கூரையும் பக்கக் கம்பிகளும் வேண்டும். அந்த எடை இறங்கவே இறங்காது. மேலே ஏணி, உள்ளே ஏர்கான் குழாய்ச் சுருள்கள், டிரில் பெட்டி. வண்டி காலி என்று ஓட்டுநர் நினைக்கும்போதே பட்டையில் 250, 300 கிலோ உட்கார்ந்திருக்கும்.

முதலில் அந்த நிரந்தர எடையைக் கணக்குப் போடுங்கள். பழைய இரும்புக் கிடங்குகளில் எடைமேடை இருக்கும். இல்லாவிட்டால் பொருள்களைத் தனித்தனியாக நிறுத்துக் கூட்டுங்கள். மாற்றுப் பட்டைகளை இந்த நிரந்தர எடையை வைத்துத்தான் விற்கிறார்கள்: காலி, 200 அல்லது 300 கிலோ, 500 கிலோ என்று. 500 கிலோ பட்டையைக் காலி வண்டிக்குப் போட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்பு வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் குதிக்கும், மழையில் வளைவில் வால் விலகும். கனமானதை வாங்கி வைப்போம் என்ற எண்ணம் இந்தப் பாகத்துக்கு ஒத்துவராது.

வழிகள் நான்கு. முழுக்கட்டையும் புதிதாக மாற்றுவது எல்லாவற்றிலும் நல்லது. கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது, கட்டு நல்ல நிலையில் இருந்து எடை மட்டும் கூடியிருந்தால் சரி. சோர்ந்த கட்டில் சொருகினால் புதுப்பட்டை ஒன்றே எல்லாவற்றையும் சுமந்து சீக்கிரம் உடையும். பழைய பட்டையை அடித்து வளைப்பது, சூடேற்றிப் பதப்படுத்தாமல் செய்தால் சில மாதத்தில் பழையபடி இறங்கும். நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) பாதியைத்தான் தரும், அதாவது 50 மி.மீ. நீளம் கூட்டினால் 25 மி.மீ. உயரம், அச்சின் கோணமும் மாறி, ஓடும்போது டிரைவ் ஷாஃப்ட்டில் அதிர்வு வரலாம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைப்பது என்று ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கிய வண்டி உங்களிடம் வந்தால், முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள்.

மாற்றும்போது சட்டத்தை ஸ்டாண்டிலும் அச்சைத் தனி ஜாக்கியிலும் தாங்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கழற்றவேண்டும். பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பட்டையின் முன்கண் (முன்முனை வளையம்) போல்ட்டை வெளியே இழுக்க எரிபொருள் டாங்க் தடுக்கும். டாங்க்கைக் கொஞ்சம் இறக்கவேண்டி வரும் என்று நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக்கட்டின் சென்டர் போல்ட் தலை அச்சின் குழியில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் புதிதாகவே போடவேண்டும்; ஒருமுறை இறுக்கியது நீண்டுபோயிருக்கும். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு சுற்றாக, வண்டியின் கையேடு சொல்லும் டார்க்குக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, பட்டறையில் அவசரத்தில் தவறுவது. கண் போல்ட், ஷேக்கிள் போல்ட், ஷாக்கின் கண் போல்ட் எல்லாவற்றையும் சக்கரம் தொங்கும்போது கையிறுக்கமாக மட்டும் விடவேண்டும். வண்டி தரையில் தன் எடையில் நின்றபிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, சில மாதத்தில் கிழியும். அதுவரை அந்த முறுக்கே வண்டியைச் சற்றுத் தூக்கி வைத்திருப்பதால் உங்கள் அளவும் பொய்யாக இருக்கும். முன்பக்கக் கீழ்க்கை புஷ்ஷுக்கும் இதே விதி.

உயரம் மாறியபின் யாரும் பார்க்காத பாகம், பின் பிரேக்கின் சுமை உணர் வால்வு. பல சரக்கு வண்டிகளில் சட்டத்திலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பின்பக்கம் இறங்கினால் சுமை இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், ஏறினால் குறைக்கும். பின்பக்கத்தை 40 மி.மீ. தூக்கிவிட்டு இந்தக் கம்பியை அப்படியே விட்டால், முழுச்சுமையிலும் வண்டி காலி என்றே வால்வு நினைக்கும். நிறுத்தும் தூரம் நீளும், முன் பிரேக் கட்டை சீக்கிரம் தீரும். கம்பியின் தாங்கியைக் கையேட்டின்படி சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

ஷாக் வாங்குவது

உடலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பதற வேண்டாம். சொட்டு வடிந்த தடம், கம்பியில் பள்ளம், குழாயில் நசுங்கல் இருந்தால் போயிற்று. மூலையை அழுத்தி எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை பிக்அப்பின் பின்பக்கத்துக்கு உதவாது; பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தை நிறுத்திவிடும். மேம்பாலத்தின் இணைப்புகளில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு அசைவோடு அடங்கினால் நல்லது. அடுத்த இணைப்பு வரும்வரை ஆடிக்கொண்டே போனால் ஷாக்கில் உயிரில்லை.

இரட்டைக்குழாய், ஒற்றைக்குழாய் என்று வகை இரண்டு. கேஒய்பி எக்செல்-ஜி, ஓல்ட் மேன் ஈமு நைட்ரோசார்ஜர் முதல் வகை. பில்ஸ்டீன் பி6, கேஒய்பி கேஸ்-ஏ-ஜஸ்ட் இரண்டாவது. இரட்டைக்குழாயில் நைட்ரஜன் அழுத்தம் குறைவு, ஓட்டம் மென்மை, விலையும் குறைவு. தொடர்ந்து கடுமையாக வேலை செய்தால் எண்ணெய் நுரைத்துப் பிடி விடும். ஒற்றைக்குழாய் சூட்டை நேரே வெளியே விடும், நுரைக்காது. ஆனால் குழாயில் சிறு நசுங்கல் விழுந்தாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

தனி எண்ணெய்க் குடுவை வைத்த விலையுயர்ந்த ஷாக்குகள் மணிக்கணக்கில் கரடுமுரடான மண்சாலையில் ஓடும்போது வரும் சூட்டுக்காகச் செய்யப்பட்டவை. விரைவுச்சாலையில் இலகு சரக்கு வண்டிக்கு மணிக்கு 70 கிலோமீட்டர் எல்லையும், துவாஸிலிருந்து சாங்கி வரை வழவழ சாலையும் உள்ள ஊரில் அது காசுக்குக் கேடு. காலியாகவும் பாதிச் சுமையுடனும் மாறிமாறி ஓடும் வண்டிக்கு நல்ல இரட்டைக்குழாய் கேஸ் ஷாக் போதும். நாள் முழுக்க எல்லைச் சுமையில் ஓடும் வண்டிக்கு ஒற்றைக்குழாய்க்குச் செலவழிக்கலாம்.

ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டியிருந்தால் ஷாக்கின் பிடிப்பும் கூடவேண்டும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல, வர்க்கமூலத்தில். பட்டை 40 சதவிகிதம் விறைப்பானால் ஷாக்குக்குச் சுமார் 18 சதவிகிதம் கூடுதல் பிடிப்பு தேவை, அதுவும் முக்கியமாக நீளும் திசையில். விறைப்பான ஸ்பிரிங் பின்னோக்கித் தள்ளும் வேகத்தை அடக்குவது அந்தத் திசைதான். இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஒரே எடைப்பிரிவில் வாங்கினால் இந்தக் கணக்கை அவர்களே போட்டிருப்பார்கள்.

நீளத்தை நீங்கள்தான் சரிபார்க்கவேண்டும். ஒரு பின் ஷாக்கை எடுத்துக்கொள்வோம். வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது அதன் மேல் வளையத்திலிருந்து கீழ் வளையம் வரை (கண்ணுக்குக் கண்) 480 மி.மீ. அச்சுக்கும் பம்ப் ரப்பருக்கும் இடைவெளி 80. ரப்பர் 60 மி.மீ. உயரம், பாதியாக நசுங்கும் என்று 30. ஆக அச்சு 110 மி.மீ. ஏறலாம். ஷாக் சுமார் 20 பாகை சாய்ந்திருப்பதால் 0.94 ஆல் பெருக்கினால் 103. 480இலிருந்து 103 போக 377. பாதுகாப்புக்கு 15 கழித்தால் 362. மூடிய நீளம் 362 அல்லது அதற்குக் குறைவான ஷாக்தான் வாங்கவேண்டும். கீழ்ப்பக்கம்: ஷாக்கைக் கழற்றி அச்சைத் தொங்கவிட்டால் 105 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.94 ஆல் பெருக்க 99, கூட்டினால் 579, மேலே 10 சேர்த்து 589. அது நீட்டிய நீளம்.

உயரம் கூட்டிய வண்டிக்கு எல்லாரும் நீளமான ஷாக் கேட்கிறார்கள். பம்ப் ரப்பரும் அச்சும் சந்திக்கும் இடம் மாறவில்லையே. மூடிய நீளம் பழையதுதான் இருக்கவேண்டும், நீட்டிய நீளம் மட்டும் கூடலாம். நீளமான உடலோடு வந்த ஷாக் ரப்பருக்கு முன்பே முட்டி, தன் மேல் தாங்கியையே பிய்த்துவிடும்.

மாட்டும்போது: இரட்டைக்குழாய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அழுத்துங்கள், படுத்துக்கிடந்தபோது உள்குழாய்க்குள் போன காற்று வெளியேறும், இல்லாவிட்டால் புது ஷாக்கே "டொக் டொக்" என்று தட்டும். குரோம் கம்பியைப் பிளையரால் பிடிக்காதீர்கள், கீறல் சீலை அறுத்துவிடும். தண்டு வகைத் தலை நட்டில் இம்பாக்ட் கன் வேண்டாம். ரப்பர் பிதுங்கி வாஷரின் அகலத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். எப்போதும் ஓர் அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன்

முன்பக்க உயரம் தொட்டிருந்தால் அலைன்மென்ட் அன்றே. தூக்கிய வண்டியில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) நேர்ப்பக்கம், அதாவது சக்கரத்தின் மேல்முனை வெளியே சாயும்படி போகும், டோ (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் மந்தமாக இருந்தால் காஸ்டரைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான எடையோடு முகப்பு விளக்கைச் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் குழாய் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். ஏணி வைக்கும் வண்டியானால் புது மொத்த உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். வாகன நிறுத்துமிட வாசலில் தொங்கும் பலகையோடு ஒப்பிட அது வேண்டும்.

100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், 500இல் இன்னொருமுறை. புதுப்பட்டை முதல் சில வாரங்களில் கொஞ்சம் படியும். 1,000 கிலோமீட்டரில் அதே இடத்தில், அதே காற்றோடு, அதே எடையோடு நான்கு மூலையையும் அளந்து எழுதிவையுங்கள். அடுத்த பரிசோதனைக்கு முன் ஒப்பிட இந்த எண்கள்தான் அடிப்படை.